சொல்லத் தெரியாத பல்வலி



“பல் போனால் சொல் போச்சு” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. முன்பல் விழுந்தவர் பேசினால் சொற்கள் குழறும். அதைக் கண்டுதான் முன்னோர் அப்படிச் சொன்னார்கள். இன்று அந்தப் பழமொழியைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். சொல்லே இல்லாத ஒருவருக்குப் பல் வலித்தால் என்ன ஆகும்? “அம்மா, பல் வலிக்கிறது” என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கும், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டத் தெரியாத இளைஞனுக்கும் நாம் எப்படி உதவுவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நான் பல் வைத்தியம் படித்தவன் அல்லன். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன். ஆயினும் இந்த விஷயத்தில் வைத்தியருடைய பங்கு பாதி என்றால், மீதிப் பாதி பெற்றோர் கையிலும் ஆசிரியர் கையிலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் 2008 ஆம் ஆண்டில் உடற்குறையுடையோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சமூகநல இலாகாவில் பதிந்துகொள்வோருக்கு ஓ.கே.யு. அட்டை என்னும் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அதில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்று கற்றல் குறைபாடு. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவர்கள் எனப் பலரும் இந்தப் பிரிவில் அடங்குவர். முன்பெல்லாம் இவர்களை “மந்தம்”, “அரைக்கிறுக்கு” என்றெல்லாம் தோட்டத்தில் கூசாமல் சொல்வார்கள். அந்தச் சொற்கள் இன்று குறைந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த எண்ணம் இன்னும் முழுவதும் போகவில்லை. அந்த எண்ணந்தான் இவர்களுடைய பல்லுக்கு முதல் எதிரி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். தென் செபராங் பிறையில் நான் அறிந்த ஒரு பையன். பதினோரு வயது. பேச்சு வரவில்லை, ஆனால் சாதுவான பிள்ளை. ஒரு மாதமாக அவன் குணம் மாறிவிட்டது. தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். கன்னத்தில் அறைந்துகொண்டான். சோற்றைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தான். இரவில் தூங்காமல் லயத்தையே எழுப்பினான். “இந்தப் பிள்ளைகள் வளர வளர இப்படித்தான்” என்றார்கள் சிலர். “காற்றுக் கருப்பு பட்டிருக்கும்” என்று கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினார்கள் சிலர். பள்ளிக்கு வந்த பல் வைத்தியக் குழுவினர் அவன் வாயை ஒரு நிமிடம் பார்க்க முடிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேர்வரை சீழ் பிடித்திருந்தது. அந்தப் பல்லை எடுத்த மறுவாரம் பையன் பழையபடி சாதுவாகிவிட்டான்.

நேயர்களே, அந்தப் பையன் ஒரு மாதமும் பேசிக்கொண்டுதான் இருந்தான். கையாலும் கன்னத்தாலும் பேசினான். கேட்டவர்கள் அதை வலி என்று எண்ணாமல், அவனுடைய குறையின் பகுதி என்று எண்ணிவிட்டார்கள். ஒருவருக்கு ஏதாவது ஒரு குறை இருந்தால், அவருக்கு வருகிற எல்லாத் துன்பத்தையும் அந்தக் குறையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படித்தவர்களிடமும் இருக்கிறது. ஆகவே இன்று நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது: பேசத் தெரியாத பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், முதலில் வாயைப் பாருங்கள்.

எவ்வெவற்றைக் கவனிக்க வேண்டும்? ஒரு பக்கமாக மட்டும் மெல்லுதல், பிடித்த உணவை ஒதுக்குதல், குளிர்ந்த நீர் பட்டதும் முகம் சுளித்தல், வழக்கத்துக்கு மேல் எச்சில் வடிதல், காதையோ கன்னத்தையோ பிடித்துக்கொள்ளுதல், வாய் துர்நாற்றம், பல் துலக்க விடாமல் தலையைத் திருப்புதல், தூக்கம் கெடுதல் ஆகியவை வலியின் அறிகுறிகளாக இருக்கலாம். கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கலாகாது. அவசரப் பிரிவுக்கே கொண்டுபோக வேண்டும்.

இனி, இப்பிள்ளைகளின் பல்லும் ஈறும் ஏன் எளிதில் கெடுகின்றன என்று பார்ப்போம். ஒரு காரணம், அவர்கள் உடலமைப்பில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் பல் தாமதமாக முளைக்கும். ஆறு மாதத்தில் வர வேண்டிய முதற்பல் ஒரு வயதுக்கு மேலும் வராமல் இருக்கலாம். அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு ஈறு நோய் இளம் வயதிலேயே வரக்கூடும். சொத்தை இல்லாத நல்ல பல்கூட, ஈறு கெட்டதால் ஆடி விழுந்துவிடும். துலக்கும்போது இரத்தம் வந்தால், “ஐயோ, புண்ணாகிவிட்டது” என்று துலக்குவதை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அந்த இடத்தைத்தான் இன்னும் பொறுமையாக, மென்மையாகத் துலக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் மருந்து. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிட்டோயின் என்னும் மருந்து சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்து, பல்லையே மூடும் அளவுக்கு வளர்த்துவிடும். இதற்குப் பயந்து மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. பல் வைத்தியரிடமும் மருந்து கொடுத்த வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். இன்னும் சில மருந்துகள் இனிப்புப் பாகாக வரும். இரவில் அதைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால், சர்க்கரை விடியும்வரை பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தை முதலில் கொடுங்கள்; பல்லை அதன் பிறகு துலக்குங்கள். சர்க்கரை சேராத வகை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் நாம்தான். அழுதால் மிட்டாய், அடம் பிடித்தால் ரொட்டி, தூங்காவிட்டால் போத்தலில் கெட்டிப்பால் கலந்து வாயில் வைத்தல் என்பன நம் வீட்டு வழக்கங்கள். ஆயாக் கொட்டகைக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. “பாவம், இந்தப் பிள்ளைக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது?” என்ற இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடமும் இதற்கு விலக்கு அன்று. சிறப்புக் கல்வி வகுப்பில் ஒரு எழுத்தை எழுதிவிட்டால் ஒரு மிட்டாய் என்று பரிசு கொடுக்கிறோம். ஒரு நாளைக்குப் பத்து எழுத்து என்றால் பத்து மிட்டாய். ஆசிரிய நண்பர்களே, பரிசு வேண்டியதுதான். ஆனால் அது வாய்க்குள் போக வேண்டியதில்லை. ஒரு வண்ண ஒட்டுப்படம், மணியை ஒருமுறை அடிக்கும் உரிமை, பந்தோடு ஐந்து நிமிடம் ஆகியவற்றுக்கும் பிள்ளைகள் மகிழ்கிறார்கள்.

சரி, வீட்டில் பல் துலக்குவது எப்படி? கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி, அல்லது உட்காரவைத்து, நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள். பிள்ளையின் தலை உங்கள் மார்பில் சாயட்டும். ஒரு கை தாடையைத் தாங்கட்டும். மறு கை துலக்கட்டும். முன்னால் நின்று முகத்துக்கு நேரே பிரஷ்ஷை நீட்டினால் அது அவர்களுக்குத் தாக்குவதுபோல் தோன்றும். ஃபுளோரைடு கலந்த பற்பசையே வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. அதற்கு மேற்பட்டவருக்குப் பட்டாணி அளவு போதும். துப்பத் தெரியாத பிள்ளைக்கும் இதே சிறிய அளவு ஆகும். கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டா.

பிரஷ்ஷின் பிடியைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு, சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையைப் பிரஷ்ஷில் செருகிக்கொடுங்கள். துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கட்டினாலும் சரியே. தானே துலக்கப் பழக்க வேண்டுமானால், பாடம் நடத்துவதுபோல் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் படிகளையும் நீங்கள் செய்து, கடைசிப் படியாகிய துப்புவதை மட்டும் பிள்ளை செய்யட்டும். அது பழகியதும், அதற்கு முந்திய படியையும் பிள்ளையிடம் விடுங்கள். முடிவிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த மகிழ்ச்சி கிடைக்கும். முதல் நாள் ஒரே பல்லைத்தான் துலக்க முடிந்தது என்றால், அதுவும் வெற்றிதான்.

இனி, பல் கிளினிக்குக்குப் போவதைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் பினாங்குக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றும் முறை 1921 ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் தொடங்கியது. அதைப் பின்பற்றி, நம் ஜார்ஜ் டவுனில் 1949 ஆம் ஆண்டில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதில் பயின்ற பல் தாதியர் நாடெங்கும் பள்ளிக்கூடங்களுக்குச் சென்றார்கள். செம்மண் பாதையில் வேன் வந்து நிற்கும். மடக்கு நாற்காலியும் பெட்டிகளும் இறங்கும். ஒரு வகுப்பறை ஒரு நாளைக்குப் பல் கிளினிக் ஆகிவிடும். தோட்டப் பள்ளிகளில் படித்த பலருக்கு இது நினைவிருக்கும். வலி வந்த பிறகு பிள்ளை வைத்தியரைத் தேடிப் போகாமல், வலி வருவதற்கு முன்பே வைத்தியம் பிள்ளையைத் தேடி வருவது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

பிள்ளைகளிடம் பல் வைத்தியர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. 1959 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் அடெல்ஸ்டன் என்பவர் அதை எழுதி வைத்தார். சொல், காட்டு, செய் என்று மூன்றே சொற்களில் அதைச் சொல்லிவிடலாம். செய்யப்போவதை முதலில் எளிய சொல்லால் சொல்ல வேண்டும். பிறகு கருவியைக் காட்டி, கையிலோ நகத்திலோ தொட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகே வாயில் செய்ய வேண்டும். சொன்னதைத்தான் காட்ட வேண்டும்; காட்டியதைத்தான் செய்ய வேண்டும். நல்ல ஆசிரியர் எவரும் வகுப்பில் செய்வது இதுதான்.

ஆனால் கற்றல் குறைபாடு உள்ளவருக்கு இந்த மூன்றும் கிளினிக்கில் தொடங்கினால் போதாது. வீட்டிலேயே தொடங்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பே விளையாட்டாகத் தொடங்கலாம். பிள்ளையை நாற்காலியில் சாயவைத்து, ஒரு சிறு கரண்டியாலும் கைவிளக்காலும் பற்களை எண்ணுங்கள். ஐந்து எண்ணியதும் நிறுத்துங்கள். “ஐந்து சொன்னால் நிறுத்திவிடுவார்கள்” என்பது பிள்ளைக்குப் பழகட்டும். பிறகு கிளினிக்கின் வாசல், நாற்காலி, விளக்கு, முகமூடி அணிந்த தாதி ஆகியவற்றைப் படங்களாக வரைந்து வரிசையாக ஒட்டி, தினமும் கதைபோல் சொல்லுங்கள். முதல் முறை போகும்போது வைத்தியமே வேண்டா. நாற்காலியில் உட்கார்ந்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வரட்டும். இரண்டாம் முறை பல்லை எண்ணட்டும். மூன்றாம் முறை வேலை நடக்கட்டும். பஸ் ஏறி மூன்று முறை அலைவதா என்று கேட்கலாம். ஒரே முறையில் முடிக்க நினைத்துப் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டால், பிறகு முப்பது முறை அலைந்தாலும் அந்த வாய் திறக்காது.

நம் வீடுகளில் இரண்டு பழக்கங்களைக் கட்டாயம் விட வேண்டும். சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம், “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்கிறோம். இப்படி வருஷக்கணக்காகப் பயமுறுத்திவிட்டு, பிறகு அதே டாக்டர் முன்னால் வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்? மற்றொன்று பொய். “கடைக்குப் போகலாம் வா” என்று அழைத்துப் போய்ப் பல் கிளினிக்கில் நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் நம்புவதற்கு இருப்பவர் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் சொல்லும் பொய் அதன் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடும்.

கிளினிக்கில் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள். கூட்டம் இல்லாத காலை முதல் நேரம் நல்லது. வெளிச்சம் கூசும் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடியும், சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காதடைப்பானும் கொண்டு போகலாம். ஒரு தாளில் சில விவரங்களை எழுதி முன்கூட்டியே கொடுங்கள். பிள்ளை எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்க்கும், எதற்குப் பயப்படும், எது பிடிக்கும், என்ன மருந்து சாப்பிடுகிறது, வலிப்பு உண்டா ஆகியவற்றை எழுதுங்கள். இருதயக் கோளாறு இருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். அவர்களில் சிலருக்குப் பல் எடுக்கும் முன்பு கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களில் சிலருடைய கழுத்தெலும்பும் உறுதி குறைந்தது. தலையைப் பின்னால் அழுத்திச் சாய்க்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அந்தத் தாளில் இன்னொன்றும் வேண்டும். அது மொழி. நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கேட்கும் தமிழ்ச் சொற்கள் மட்டுமே விளங்கும். கிளினிக்கில் தாதி அன்பாகத்தான் “புக்கா மூலுட்” என்பார். பிள்ளை விழிக்கும். “ஒத்துழைக்கவில்லை” என்று குறிப்பில் எழுதிவிடுவார்கள். பிள்ளை மறுக்கவில்லை, அதற்கு விளங்கவில்லை. ஆகவே ஐந்து சொற்களை மலாய் எழுத்தில் எழுதிக்கொடுங்கள்: வாயைத் திற, கடி, துப்பு, வலிக்கிறதா, முடிந்தது. தாதி ஒரு முறை “வாயைத் திற” என்று தமிழில் சொல்லட்டும். பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அதே சமயம் வீட்டில் “புக்கா மூலுட்” என்பதையும் விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி வரட்டும்.

எவ்வளவு பழக்கினாலும் சிலரால் நாற்காலியில் உட்கார இயலாது. நான்கு பேர் கையையும் காலையும் பிடித்து அழுத்தி வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. அந்தப் பயம் ஆயுளுக்கும் போகாது. அப்படிப்பட்டவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரே தடவையில் சொத்தையெல்லாம் அடைத்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிடும் வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. பினாங்கு பொது மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே பல் வைத்தியச் சிறப்புப் பிரிவு இருக்கிறது. முதலில் அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினால், அவர்களே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். ஓ.கே.யு. அட்டையை எடுத்துப்போக மறக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குக் கட்டணச் சலுகை உண்டு. மயக்க மருந்து கொடுக்கும் நாளில் எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று சொல்கிறார்களோ, அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரு வாய் மிலோ கொடுத்தாலும் அது உயிருக்கு ஆபத்து. சிகிச்சை முடிந்தது என்று துலக்குவதை விட்டுவிட்டால், மறு வருஷம் அதே வரிசையில் மறுபடி காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாக ஒன்று. பள்ளியில் இருக்கும்வரை பல் வைத்தியக் குழு பிள்ளையைத் தேடி வருகிறது. பள்ளிப் பருவம் முடிந்ததும் யாரும் தேடி வருவதில்லை. மற்ற இளைஞர்கள் பல் வலித்தால் தாமே போய்க்கொள்வார்கள். இவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் இருந்த காலத்திலாவது லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி, “ஏன் பிள்ளை சாப்பிடவில்லை?” என்று கேட்பாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அங்கே கதவு மூடியிருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் முப்பது வயது மகனோ மகளோ பல்வலியைச் சொல்லத் தெரியாமல் இருக்கக்கூடும். தாய்க்கும் வயதாகிவிட்டது.

ஆகையால் அண்ணன் தம்பிமாருக்கும் அக்காள் தங்கைமாருக்கும் என் வேண்டுகோள். தைப்பூசத்துக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை என்று வருஷத்துக்கு இரு தடவை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தாய்க்குப் பின் துலக்கிவிடப்போவது யார் என்பதை இன்றே பேசி வையுங்கள். தாய் எப்படித் துலக்கிவிடுகிறாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நமக்கும் இதில் வேலை உண்டு. அந்தக் கதவைத் தட்டி, “தம்பி சாப்பிட்டானா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கிளினிக்குக்குப் போகும் நாளில் காரோட்டிக்கொண்டு துணைக்குப் போகலாம். காத்திருக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை கத்தினால், முறைத்துப் பார்க்காமல் வரிசையில் வழி விடலாம். இதற்கெல்லாம் பெரும் பணமோ பெரும் படிப்போ தேவையில்லை.